கிணற்றில் விழுந்த தாலிச் சங்கிலி

சென்ற ஆண்டு ஆடி மூன்றாம் வெள்ளி, பகல் பதினொரு மணி. திருக்கோகர்ணத்தில் நாங்கள் விலைக்கு வாங்கிய பழைய வீட்டின் கிணற்றில், மோட்டார்க் கயிற்றைச் சரிசெய்யக் குனிந்த என் மனைவியின் தாலிச் சங்கிலி, கொக்கி விட்டு உள்ளே விழுந்தது. அவள் முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டாள். அது கிடைக்கும்வரை மஞ்சள் கயிறு கட்டிக்கொள் என்றேன்.

"மொதல்ல அது வரட்டும்."

எதிர்வீட்டு அக்காவிடம் பாதாளக் கரண்டி இருந்தது. இரும்பு வளையத்தைச் சுற்றிக் கொக்கிகள் தொங்கும். அதை இரவல் தருபவர்கள் பதிலுக்கு ஒரு பாத்திரத்தை வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம். நான் கொண்டுபோனதைப் பார்த்துவிட்டு, "தாலிக்கு டம்ளரா? பெரிய ஏனமாக் கொண்டாங்க தம்பி. கெணறு சும்மா குடுக்காது" என்றார். குடத்தை வைத்துவிட்டு வந்தேன்.

தண்ணீர் குறைவுதான், ஆனால் கறுப்பு. கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கி இழுத்தேன்.

"உழவா ஓட்டுறீங்க? இங்கிட்டுக் குடுங்க" என்று கயிற்றை வாங்கினாள்.

அவள் இழுக்கவில்லை. சற்றே தூக்கினாள், தொட்டாள், பக்கவாட்டில் அசைத்தாள். பின்னால் நானும் பிடித்திருந்தேன். பார்வையற்றவர்கள் கோலின் நுனியில் தரையை உணர்வதைப் படித்திருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் என் உள்ளங்கைக்கும் கிணற்றின் அடி தெரியத் தொடங்கியது. சேறு பிடித்துவைத்துப் பிறகு விட்டது. பாறை பட்டென்று நிறுத்தியது. பழைய வாளி ஏதோ உரசியபோது முழங்கை வரை அதிர்ந்தது.

பிறகு, சீப்பின் பற்களில் நகத்தை ஓட்டியதுபோல் ஒரு நெருடல்.

"சங்கிலிங்க" என்றாள் மெதுவாக. அதே இடத்தைச் சுற்றிச் சுற்றித் துழாவினாள்.

மேலே வந்த கொக்கியில் அவளுடைய சங்கிலி இருந்தது. அதோடு பின்னிக்கொண்டு இன்னொன்றும். கறுத்து, பாசி பிடித்து, தாலியோடு. வீட்டை விற்றவர்கள் எதையும் சொல்லியிருக்கவில்லை.

ஊக்கின் முனையால் வெகுநேரம் நெம்பி இரண்டையும் பிரித்தாள். தன்னுடையதை ஈரத்தோடு மாட்டிக்கொண்டாள். மற்றதைக் கோயில் உண்டியலில் போட்டுவிடலாம் என்றேன்.

"நம்ம பொருளா அது, நம்ம குடுக்குறதுக்கு?"

எறியவும் அவளுக்கு மனம் வரவில்லை. கொக்கியிலேயே மாட்டி மெல்ல இறக்கினாள். பாறை தட்டியது. நழுவட்டும் என்று கயிற்றை ஆட்டிப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். கயிறு அசையாமல் நின்றது. அப்போது கனம் குறைந்தது.

அவ்வளவு இரும்பில் ஒரு சங்கிலியின் எடை கைக்குத் தெரியாது. ஆனால் என் கையில் பட்டது நழுவல் அல்ல. கீழிருந்து யாரோ பார்த்துப் பொறுமையாகக் கழற்றியதுபோல் இருந்தது.

என் மனைவி கயிற்றை விடவில்லை.

"வாங்கிக்கிட்டா" என்றாள்.