குதிரைக் கறி நறுக்கிய கை

காலை ஏழு மணிக்குச் செல்லம்மாள் வந்து கேட்டைத் தள்ளினாள். உள்ளே பூட்டியிருந்தது. வாட்ச்மேன் சுப்பராயன் கம்பிக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அவளைப் பார்க்காதவன்போலச் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தான். ஆறு வருஷமாக அவள் தலையைக் கண்டதும் ஓடிவந்து திறக்கிறவன் அவன்.

“இன்னா சுப்பராயா, கண்ணு தெர்லயா? தொற.”

“ஓனர் உன்ன உள்ள வுடக்கூடாதுன்னு சொல்லிட்டாருக்கா.”

“இன்னாத்துக்கு?”

“நீ இங்க குதிர கறி ஆக்கனியாமே. ஊரே பேசிகினு கீது.”

ஊருக்குச் சொன்னவனே அவன்தான். அது செல்லம்மாளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். அதனால்தான் அந்தச் செல்போனில் அவ்வளவு அக்கறை. அவளுக்கு உச்சந்தலைவரை ஏறியது. கையிலிருந்த மீன் பையையும் கொத்தமல்லிக் கட்டையும் கேட்டுக்கு மேலாக எறிந்தாள். இரண்டும் அவன் காலடியில் போய் விழுந்தன.

“எடுத்து ஃப்ரிட்ஜ்ல வை. சாயங்காலம் ஏழு பேரு பசியோட வருவாங்க. உங்க ஓனரையே வந்து ஆக்கச் சொல்லு.”

ஓனர் என்றால் தசரதன். வல்லம் வடகாலில் ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலத்துக்குச் சொந்தக்காரர். நிலம் தொழிற்பேட்டைக்குப் போனது, வந்த பணத்தில் மூன்று மாடிக் கட்டடம் எழும்பியது. ஜப்பான் கம்பெனி ஒன்று தன் இன்ஜினியர்கள் தங்குவதற்கு அதை மொத்தமாக வாடகைக்கு எடுத்துக்கொண்டது. சமைக்க ஆள் வேண்டும், மாடோ பன்றியோ எந்தக் கறி வந்தாலும் முகம் சுளிக்காமல் நறுக்க வேண்டும் என்று கம்பெனியின் அட்மின் ஆபீசர் வெங்கடேசன் சொல்லியிருந்தார். ஊர்ப் பக்கத்திலிருந்து ஐந்து பெண்கள் வந்தார்கள். பட்டியலைக் கேட்டதும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஐந்து பேரும் போய்விட்டார்கள். அப்போது இதே தசரதன்தான் வெங்கடேசனிடம் சொன்னார்: “காலனில கேட்டுப் பாருங்க சார். அதுங்களுக்குத்தான் அதெல்லாம் பழக்கம்.”

அப்படித்தான் செல்லம்மாள் வந்தாள். எந்தப் பழக்கத்துக்காக மூக்கைப் பொத்தினார்களோ, அந்தப் பழக்கத்தைச் சொல்லித்தான் வேலையும் கொடுத்தார்கள். புருஷன் சாம்சன் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மகன் அப்போது வேலை தேடிக்கொண்டிருந்தான். மானம் ரோஷம் பார்க்கிற நிலையில் அவள் இல்லை. வந்த ஒரே மாதத்தில், உப்பு உறைப்பு இல்லாத அவர்கள் சூப்பைக் கண் பார்வையிலேயே பக்குவம் சொல்லப் பழகிக்கொண்டாள். மீனில் ஒரு முள் நிற்காமல் எடுத்தாள். மாட்டுக்கு ஒரு பலகை, பன்றிக்கு ஒரு பலகை, ஆடு கோழிக்கு ஒரு பலகை என்று நிறம் நிறமாகப் பிரித்து வைத்து, ஒன்றை ஒன்று தொடவிடமாட்டாள். ஆறு வருஷத்தில் அந்தச் சமையற்கட்டிலிருந்து ஒருவனுக்கும் வயிற்று வலி வந்ததில்லை.

வினை போன ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஹயாஷி என்று ஒரு இன்ஜினியர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஊருக்குப் போய்த் திரும்பியிருந்தார். அவர் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. ஐஸ் போட்ட டப்பா ஒன்றைத் தூக்கிக்கொண்டு சமையற்கட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. செல்போனில் ஒரு குதிரையின் படத்தைக் காட்டினார். பிறகு டப்பாவைக் காட்டினார். தங்கள் பக்கத்தில் நல்ல காரியம் என்றால் இதைத்தான் மெல்லிசாக நறுக்கி, பச்சையாகவே சாப்பிடுவோம் என்று அரைகுறை இங்கிலீஷில் சொன்னார். “நோ ஓகே, நோ ப்ராப்ளம். ஐ கட்” என்று கையால் நறுக்கிக் காட்டினார்.

செல்லம்மாளுக்குக் குமட்டியது. அதை மறைக்க என்ன இருக்கிறது? மாட்டுக் கறியில் பிறந்து வளர்ந்தவள்தான். ஆனாலும் குதிரை என்றால் வேறு. கல்யாணத்தில் மாப்பிள்ளையைச் சுமக்கிற பிராணி, அதைப் போய்! ஆனால் அந்த ஆள் வாசலில் நின்று அனுமதி கேட்டார். உனக்குப் பிடிக்காவிட்டால் நானே செய்துகொள்கிறேன் என்றார். அவள் ஐம்பது வயசு வாழ்க்கையில், சாப்பாட்டு விஷயத்தில் உன் மனசு என்ன சொல்கிறது என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

“குடுங்க சார்,” என்று வாங்கிக்கொண்டாள். புதுப் பலகை ஒன்றை எடுத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நறுக்கினாள். இஞ்சியைத் துருவி ஓரத்தில் வைத்தாள். நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. பலகையையும் கத்தியையும் கொதிக்கிற தண்ணீரில் கழுவித் தனியாக எடுத்து வைத்துவிட்டு, பின்பக்கம் போய் இரண்டு முறை வாய் கொப்பளித்தாள். அன்றைய சாப்பாட்டுக்கு வைத்த ஆட்டுக்கறிக் குழம்பு அதற்கு முன்பே கொதித்து இறங்கி மூடியிருந்தது.

தட்டு போவதைப் பார்த்துச் சுப்பராயன் கேட்டான், “இன்னாக்கா அது, செவப்பா?” ‘மாடு’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். இவள் உண்மையைச் சொன்னாள். செய்த தப்பு அது ஒன்றுதான்.

கேட்டிலிருந்து திரும்பி வீட்டுக்கு வந்தால், அங்கேயும் செய்தி முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. மருமகள் பிரவீனா போன் கம்பெனியில் லைன் வேலை பார்ப்பவள். முந்தின ராத்திரி கம்பெனி பஸ்ஸிலேயே கேட்டிருக்கிறார்கள், உன் மாமியார் குதிரை தின்கிறார்களாமே என்று.

“அத்த, நீங்க சாப்டீங்களா?”

“சாப்டல.”

“நெஜமா?”

கொஞ்ச நேரம் கழித்துச் செல்லம்மாள் திரும்பிப் பார்த்தால், மாமியாரின் தட்டைப் பிரவீனா தனியாகப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஊர்க்காரன் ஒதுக்குவது பழகிப்போன சங்கதி. சொந்த வீட்டில் தட்டு தனியாகப் போனதை அவளால் தாங்க முடியவில்லை.

“உன்ன உங்க பஸ்ல ஒருத்தி மாட்டுக்கறி தின்றவன்னு சொன்னப்ப அழுதுகினு வந்தியே, நெனப்பு கீதா?” என்றாள்.

அன்று சாயங்காலம் ஐயனார் கோயிலுக்குப் பக்கத்தில், வாட்டர் டேங்க் அடியில் கூட்டம் போட்டார்கள். வெங்கடேசன் அதற்குள் போன் செய்து, “ஊர்ல பேசி முடிக்கிற வரைக்கும் லீவுல இருங்கம்மா, லோக்கல் பிரச்சன எங்களுக்கு வேணாம்,” என்று நழுவியிருந்தார். தசரதன் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். செல்லம்மாளை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

“குதிர யாரு வாகனம்னு தெரியுமா உனக்கு?” என்று ஆரம்பித்தார் தசரதன். “அய்யனாரு ஏறி வர்றாரு. அத்தப் போயி என் கட்டடத்துல, என் எடத்துல வெட்டிக்கிற. நீ வேதக்காரி, உனக்கு இன்னா? சாமி குத்தம் எங்க தலைலதான வுடியும்!”

“நான் வெட்டலீங்க. வெட்டி, ஐஸ் போட்டு, ஏரோப்ளேன்ல வந்துச்சு. நான் நறுக்கிக் குடுத்தேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“அப்ப தின்னவரு? அவரு மேல இன்னும் உங்க வூட்லதான கீறாரு. அவர மொதல்ல காலி பண்ணச் சொல்லுங்க. அந்தக் கம்பெனி வாடகையும் வேணாம்னு சொல்லுங்க. நானும் போறேன்.”

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். தசரதனின் முகம் கறுத்தது. “வெளிநாட்டுக்காரனுக்கு இன்னா தெரியும்? அவன் பழக்கம் அது.”

“எனக்கும் பழக்கம்னு நீங்கதானங்க சொன்னீங்க?”

அவள் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ரோடு அகலப்படுத்த வந்த ஜேசிபி, எல்லையில் நின்ற பழைய மண்குதிரையின் காலை உடைத்துக் குப்பையோடு அள்ளிப்போனது ஊரில் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்குச் சம்மதக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்களில் முதல் கையெழுத்து தசரதனுடையது. “அன்னிக்கு அய்யனாரு நடந்தா போனாரு? அப்ப எங்கீங்க போச்சு சாமி குத்தம்?” என்று செல்லம்மாள் கத்தியே விட்டாள். அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். முடிவு என்னவோ ஏற்கெனவே எழுதி வைத்ததுதான். வேலையை விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோயில் எல்லையில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். “வுழ மாட்டேன்,” என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

அவளுக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. குமட்டுவது தப்பில்லை. அவளுக்கும்தான் குமட்டியது. குமட்டினால் சாப்பிடாதே, விலகிப் போ. அடுத்தவள் அடுப்பில் தண்ணீரை ஊற்ற அந்தக் குமட்டலுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

மறுநாள் மத்தியானம் காலனித் தெரு முனையில் தசரதனின் வண்டி வந்து நின்றது. அந்தத் தெருவுக்குள் ஓட்டுக் கேட்கக்கூட வராத மனுஷன். முனையிலேயே வண்டியைப் போட்டுவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே நடந்து வந்தார். பிரவீனா ஷிப்ட்டுக்குப் போயிருந்தாள். செல்லம்மாள் வாசலுக்கு வந்தாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

“செல்லம்மா, ஒண்ணு கேக்கணும். ஆத்தரப்படாத சொல்லு.” குரல் நேற்றைய குரல் இல்லை. “ஞாயித்துக்கெழம சுப்பராயன் எடுத்தாந்த கேரியர்ல... அது இன்னா கறி?”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் இன்ஜினியர்கள் சாப்பிட்டதுபோக மிஞ்சும் குழம்பைச் சுப்பராயன் நாலடுக்குக் கேரியரில் கேட்டு வாங்கிப் போவான். “வூட்ல புள்ளைங்க கீதுக்கா” என்பான். இவளும் பிள்ளைகளை நினைத்து நல்ல துண்டாகப் பார்த்துப் போடுவாள். “அடுத்த வாரம் கொஞ்சம் காரமா வையிக்கா” என்றுகூட வந்து சொல்லியிருக்கிறான்.

“அவன் எடுத்துகினு போறதுக்கு உங்களுக்கு இன்னாங்க?”

தசரதன் தரையைப் பார்த்தார். “அது எங்க வூட்டுக்குத்தான் வரும். கம்பெனி சாப்பாடுன்னு... ஆறு வருசமா வருது. என் சம்சாரம், மருமக, பேரப்புள்ள எல்லாரும் அன்னிக்குச் சாப்ட்டோம். விசயம் தெரிஞ்சதுலேர்ந்து என் சம்சாரம் தண்ணிகூட எறக்கல. சொல்லும்மா, அதுல அது இல்லல்ல?”

ஆறு வருஷம். அவள் வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை வைத்தால் வாங்கிக்கொண்டு, கூடவே நீட்டும் பலகாரத்தைத் தொடாமல், விசேஷத்துக்கும் வராத குடும்பம். டேங்க் அடியில் அவளை நிற்கவைத்துப் பேசிய வாய். அந்த வாய் ஞாயிறு தவறாமல் அவள் கைக் குழம்பைச் சப்புக் கொட்டித் தின்றிருக்கிறது. காரம் போதவில்லை என்று சொல்லியும் அனுப்பியிருக்கிறது! அடிவயிற்றிலிருந்து ஆத்திரம் வந்தது. அழுகை வரவில்லை, நல்ல வேளை.

“வேல வேணும்னா நாளைக்கே வா,” என்றார் தசரதன் அவசரமாக. “வெங்கடேசன் சார்கிட்ட நானே பேசறேன். எல்லையில வுழ வேணாம். நீ இத்த மட்டும் சொல்லிடு.”

ஆட்டுக்கறி என்று ஒரு வார்த்தை. ஓரகடத்தில் பாய் கடையில் அவளே நின்று வாங்கிய கறி. சொன்னால் அவர் வீட்டுக்காரி தண்ணீர் குடிப்பாள். வேலையும் திரும்பக் கிடைக்கும்.

“சொல்றேங்க,” என்றாள் செல்லம்மாள். “நீங்க டேங்க் கிட்ட அத்தினி பேரையும் கூப்டுங்க. நேத்து மாதிரியே நாற்காலி போட்டு உக்காருங்க. உக்காந்துகினு, ‘செல்லம்மா, ஆறு வருசமா நானும் என் குடும்பமும் உன் கையாலதான் சாப்ட்டோம், அன்னிக்கு எங்களுக்குப் போட்டது ஆடா குதிரையா’ன்னு வாயத் தொறந்து கேளுங்க. அங்கயே சொல்றேன்.”

“ஏய், அத்த எப்டி அங்க கேக்கறது?”

“அப்ப போங்க.”

அவர் இன்னும் இரண்டு முறை கெஞ்சினார். அப்புறம் ஒரு முறை மிரட்டினார். செல்போன் அடித்தது, வீட்டிலிருந்துதான். எடுத்துப் பேசாமலே அணைத்தார். வந்ததைவிட வேகமாக முனைக்கு நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடக்கவில்லை. தசரதனுக்கு உடம்பு முடியவில்லை என்றார்கள். திங்கட்கிழமை வெங்கடேசன் போன் செய்து, ஓனருக்கு ஆட்சேபணை இல்லையாம், வாங்கம்மா என்றார். செல்லம்மாள் போனாள். கேட் திறந்திருந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் யார் காலிலும் விழவில்லை. பிரவீனா மட்டும் ஒரு நாள் ராத்திரி, கேட்காமலே மாமியாரின் தட்டில் சோற்றைப் போட்டு, அதிலேயே தானும் ஒரு வாய் எடுத்துக்கொண்டாள்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. கேரியர் வருவது நின்றுபோனது. தசரதன் மாதத்துக்கு ஒருமுறை கட்டடத்தைப் பார்க்க வருகிறார். சமையற்கட்டைத் தாண்டும்போது கால் தானாகத் தயங்குகிறது. வாய் திறக்கப் பார்க்கிறார். சுப்பராயன் நிற்கிறான், வேலைக்காரப் பெண்கள் நிற்கிறார்கள், மேலிருந்து யாராவது இறங்கி வருகிறார்கள். மூடிக்கொண்டு போய்விடுகிறார். ஆடா, குதிரையா என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. கேட்டால் செல்லம்மாள் சொல்லிவிடுவாள். நாலு பேர் முன்னால் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.