குழாயடியில் ஃபலேசியின் படம்

அந்த மாவட்ட ஆஸ்பத்திரியில் எந்தக் குழாயடிக்குப் போனாலும் ஃபலேசி சிரித்துக்கொண்டிருப்பாள். ஆள் இல்லை, படம். நுரை வழியும் இரண்டு கைகளும் முன்பல் சந்துமாக. குறைமாதக் குழந்தைகள் வார்டில் ஒழுங்காகக் கை கழுவுகிற நர்ஸ் இவள் ஒருத்திதான் என்று தலைநகர் லிலோங்வேயிலிருந்து வந்த அதிகாரிகள் படம் எடுத்துப்போய், அச்சடித்து ஒட்டினார்கள். அதற்குப் பிறகு மற்ற நர்சுகளும் கழுவ ஆரம்பித்தார்கள். "சோப்பு போடாமப் போனா இவ கனவுல வந்து திட்டுவாடி," என்பார்கள். ஃபலேசிக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட ஏறியது. ஏறட்டுமே, கழுவினாளே.

படத்தில் வராத ஒரு இடம் உண்டு. குழாயடிக்கும் தொட்டிலுக்கும் நடுவே உள்ள வாசல். அங்கே பிள்ளைகளின் சொந்தக்காரர்கள் காத்து நிற்பார்கள். அந்த ஊர் வழக்கப்படி முட்டி மடக்கி, வலது முழங்கையை இடக்கையால் தாங்கி ஒருவர் கை நீட்டும்போது கொடுக்காமல் போனால், அவரை மனுஷனாகவே மதிக்கவில்லை என்று அர்த்தம். ஃபலேசி அப்படி வளர்ந்தவள் இல்லை. கழுவிய ஈரத்தோடு எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவாள்.

சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைக்கும் ஜைலோசியும் அப்படித்தான் கை நீட்டினான். கட்டைவிரலில் பழந்துணிக் கட்டு.

"சக்கரக் கம்பி குத்தி சீழ் வச்சிருச்சு சிஸ்டர். அத விடுங்க. எம் பொண்ணு பால் குடிச்சாளா?"

"குடிச்சா, குடிச்சா. உங்கள மாதிரியே அவசரக்காரி." சிரித்தபடியே அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, அப்படியே உள்ளே போய், அந்தக் குழந்தையின் மூக்கில் இருந்த குழாயைச் சரிசெய்தாள்.

அந்த வாரமே குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. எவ்வளவோ பார்த்தும் செத்துப்போனது.

ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர், "சீழ்ப்புண்ணுல இருக்கிற கிருமி இது. யார் கையிலயோ வந்திருக்கு," என்றார்.

யார் கை என்று ஃபலேசிக்குத் தெரிந்துவிட்டது. அவன் கையும், படத்தில் நுரை வழிகிற இதே கையும்.

துணியில் சுற்றிய குழந்தையோடு மனைவி எனிலெஸ் வெளியே நிற்க, ஜைலோசி சொல்லிக்கொண்டு போக வந்தான். ஃபலேசி அப்போதுதான் கை கழுவிவிட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே வேறொரு குழந்தை மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது.

"எங்களுக்காக ரொம்பப் பாடுபட்டீங்க சிஸ்டர்." முட்டி மடக்கிக் கையை நீட்டினான். அதே கட்டு, இன்னும் அழுக்கேறி.

அவள் கொடுக்கவில்லை. ஏன் என்று சொல்லலாம். சொன்னால், பெற்ற பிள்ளையைத் தன் கையே கொன்றது என்று காலமெல்லாம் அந்த மனுஷன் சுமக்கவேண்டும். பாவி, எப்படிச் சொல்லுவாள்?

அவன் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி நீட்டினான்.

"விரலுக்கு மருந்து போட்டுட்டுப் போங்க," என்றாள், கைகளை மார்புக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி.

"படத்துல மட்டும்தான் சிரிப்பீங்க போல," என்றான் அவன். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஃபலேசி உள்ளே போய் அந்த இன்னொரு குழந்தையைத் தொட்டாள். கை சுத்தமாகத்தான் இருந்தது.