வடிக்காத சோறு

ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது அட்டை ஏறாமல் இருக்க என் வீட்டுக்காரர் முழங்காலுக்குக் கீழே சாக்குத் துணியைச் சுற்றிக் கயிறு கட்டுவார். ஒருநாள் மதியம் வந்து அவிழ்த்தபோது கயிற்றின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. பொழுது சாயும் வரை அது மறையவில்லை. "இறுக்கிக் கட்டிட்டேன்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மலாய் நாட்டை ஜப்பான்காரன் பிடித்து ஆண்ட காலத்தின் இரண்டாவது வருடம் அது. பீடோங் கடைத்தெருவிலிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் வரும் ரப்பர் தோட்டத்தில், பத்து வீடுகள் ஒட்டி நிற்கும் லயத்தில் குடியிருந்தோம். கப்பல் நின்றுபோயிருந்தது. ஊரிலிருந்து கடிதமும் வருவதில்லை. கடிகாரத்தைக்கூடத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பிவிட்டார்கள். அதனால் விடியாத இருட்டிலேயே பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு) போய்ப் பெயர் கொடுக்க வேண்டும்.

சில நாளில் பாதத்தில் எறும்பு ஊர்வதாகச் சொன்னார். பிறகு மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கியது. பிறகு கணுக்கால் தெரியாமல் வீங்கியது. நன்றாகச் சாப்பிடும் ஆளுக்கு என்ன வரப்போகிறது என்று நான் அலட்சியமாக இருந்தேன். அதைச் சொல்லாமல் இதை எழுதக் கூடாது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லை. டிரஸர் (புண் கட்டி, மருந்து கொடுப்பவர்) ஒருவர்தான் எல்லாம். அவர் கட்டைவிரலால் என் வீட்டுக்காரரின் முன்னங்காலை அழுத்தி எடுத்தார். சேற்றில் விரல் வைத்ததுபோல் குழி அப்படியே நின்றது.

"பெரிபெரி" என்றார். (உணவில் சத்துக் குறைந்து, காலில் நீர் கோத்து, நரம்பு மரத்து, கடைசியில் இதயத்தைப் பிடிக்கும் நோய்.) "நெஞ்சுக்கு ஏறிட்டா என் கையில ஒண்ணும் இல்ல. இதுக்கு ஊசி இருக்கு. ஆனா இங்க இல்ல."

"சாப்பாட்டுல நான் குறை வைக்கலீங்க ஐயா" என்றேன். கோபம் வந்துவிட்டது.

"அப்ப என்ன போடுற, சொல்லு."

பெருமையாகத்தான் சொன்னேன். ரேஷன் அரிசி சுண்ணாம்பு கலந்து நாற்றமடிக்கும். லயத்தில் பலர் அதை அப்படியே பொங்கிவிடுவார்கள். நான் நொய்யையும் தவிட்டையும் புடைத்து எடுத்துவிட்டு, ஐந்து தண்ணீரில் கழுவி, வடித்து, பூவாட்டம் அவருக்குப் போடுவேன். எங்கள் வீட்டுச் சோறுதான் லயத்திலேயே வெள்ளை. புடைத்த நொய்யும் தவிடும், வடித்த கஞ்சி, மரவள்ளிக் கீரை இவையெல்லாம் எனக்கு. அதையும் அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் நான் தொடுவேன்.

டிரஸர் என் காலைக் காட்டச் சொல்லி அழுத்தினார். குழி விழவில்லை.

"நல்லதக் கொடுக்கறோம்னு நெனச்சிருக்க. சத்தையெல்லாம் கழுவி ஊத்திட்டு, மிச்சத்த நீ தின்னிருக்க. அவனுக்கு வெறும் சக்கைதான் போயிருக்கு."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னார். வீடு வரும்வரை என் வீட்டுக்காரர் முகத்தை நான் பார்க்கவில்லை.

தவிடுதான் மருந்து என்றார் டிரஸர். ரேஷனில் புடைத்தது ஒரு கைப்பிடிகூடத் தேறாது. பக்கத்து மலாய்க் கம்பத்தில் (கிராமத்தில்) மாக் சோம் என்றொரு கிழவி நெல் குத்துவாள். நான் குத்தித் தருகிறேன், கூலி வேண்டாம், தவிடு மட்டும் போதும் என்று கேட்டேன்.

"இத்து ஆயாம் பூஞா மாக்கான்லா" என்று சிரித்தாள். கோழிக்குப் போடுவதாம். என் வீட்டுக்காரரின் காலைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, அன்றைக்கே ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். வாரத்தில் மூன்று நாள் தோட்ட வேலை முடிந்து போய்க் குத்தினேன். கை காய்த்தது. அந்தக் காய்ப்பு எனக்குப் பிடித்திருந்தது.

தவிட்டை வறுத்து, சலித்து, கிழங்கோடு பிசைந்து கொடுத்தேன். அவர் தட்டைத் தள்ளினார்.

"மாடு திங்கறதத் திங்கவா கப்பலேறி வந்தேன்?"

"மாடு நல்லாத்தான் நடக்குது" என்றேன்.

முறைத்தார். ஆனால் மருந்து விழுங்குவதுபோல் கண்ணை மூடி விழுங்கினார். ஆண்பிள்ளை தவிடு தின்பதை லயத்தில் யாரும் பார்க்கக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொள்வார். காலையில் எழுந்ததும் நான் அவர் காலை அழுத்தி, குழி நிரம்பும்வரை எண்ணுவேன். முதலில் எழுபது. பத்து நாள் கழித்து நாற்பது. கடிகாரம் யாருடையதாக இருந்தாலும் என் நேரம் அந்தக் குழிக்குள்தான் ஓடியது. படுத்திருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: சில நாள் எண்ணிக்கை கூடும். பயந்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

பங்குனி முடியும்போது எண்ணிக்கை ஐந்துக்கு வந்தது. சுவரைப் பிடித்து நடந்தார்.

தமிழ் வருடத்தின் கடைசி நாள் வந்தது. ஊரிலிருந்து பஞ்சாங்கம் வராததால் அது இன்றா நாளையா என்று கோயிலில் ஒரு வாக்குவாதம் நடந்து, இன்றுதான் என்று முடிவானது. ஊரில் இந்நேரம் அம்மா வீடு மெழுகிக்கொண்டிருப்பாள். நாங்கள் இருக்கிறோமா இல்லையா என்பதே அவளுக்குத் தெரியாது. சாணியைக் கரைத்து நானும் மெழுகினேன்.

பண்டிகைக்கென்று தோட்டத்தில் வீட்டுக்கு ஒரு படி நல்ல அரிசி கொடுத்தார்கள். சுண்ணாம்பில்லாத வெள்ளை அரிசி. பத்து வீட்டிலும் சோறு வடிக்கும் வாசனை.

"இன்னிக்கு ஒரு நாள்" என்றார் அவர். "எனக்கு வடிச்சிப் போடு. நீ உன் தவிட்ட வச்சிக்க."

ஒரு நாளில் ஆள் செத்துவிட மாட்டார். ஆனால் மறுநாளும் பண்டிகைதான், அதற்கடுத்த நாளும் மிச்சம் இருக்கும். ஆசைப்பட்டுக் கேட்கிறார், போட்டுவிடலாம் என்று கை போனது. பழைய பெருமை அத்தனை சுலபத்தில் சாகாது.

அரிசியை ஒரே தண்ணீரில் அலசி, தவிட்டையும் கீரையையும் போட்டு, வடிக்காமல் ஒரே பானையாகப் பொங்கினேன். இரண்டு தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். இரண்டிலும் ஒரே சோறு, ஒரே அளவு. அவருக்கு முன்னால் உட்கார்ந்து நான் முதலில் ஒரு கவளம் வாயில் வைத்தேன்.

புருஷனுக்கு முன்னால் பெண்பிள்ளை சாப்பிடுவதை எங்கள் லயம் அதுவரை பார்த்ததில்லை. "என்னாடி அஞ்சல, இதென்ன புதுப் பழக்கம்?" என்றாள் பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அக்கா.

"மருந்து அக்கா. ரெண்டு பேருக்கும்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். நான் மென்றுகொண்டிருந்தேன். கதவைச் சாத்த எழுவார் என்று நினைத்தேன். எழவில்லை. தட்டை இழுத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க, வழித்துச் சாப்பிட்டார்.

பிறகு சுவரைப் பிடிக்காமல் எழுந்தார். என் தட்டை எடுத்துத் தன் தட்டின்மேல் வைத்துக்கொண்டார். தண்ணீர்க்குழாய் லயத்தின் கடைசியில், எட்டு வீடு தாண்டி இருந்தது. பிறந்ததிலிருந்து தட்டுக் கழுவாத ஆள். இரண்டு தட்டோடு ஒவ்வொரு வாசலாக, மெதுவாக, நிமிர்ந்து நடந்தார். பேச்சு ஒவ்வொரு வீடாக நின்றது.

நான் கூடப் போகவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து, அவர் கால் மண்ணில் பதிவதைப் பார்த்தேன். எண்ணத் தோன்றவில்லை. என் கால்களிலும் அதுவரை எனக்குத் தெரியாத ஒரு பலம் இருந்தது. குழாயடியில் அவர் குனிந்து என் தட்டை முதலில் கழுவினார்.