கதவு பூட்டியிருந்தது

எங்கள் ஊருக்கு எப்போதும்வென்றான் என்று பெயர். டெலிபோன் ஆபீஸ்காரர்களிடம் மட்டும் நாங்கள் ஒருநாளும் வென்றதில்லை.

ஊரில் எல்லாரும் வீட்டுப் போனை ஒப்படைத்துவிட்டார்கள். நாங்கள் மட்டும் வைத்திருந்தோம். என் தம்பிக்காகத்தான். மனநிலை சரியில்லாதவன். சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விடுவான். செல்போன் வாங்கிக் கொடுத்தால் வழியில் யாரிடமாவது கொடுத்துவிடுவான். ஆனால் சின்ன வயதில் மனப்பாடம் செய்த வீட்டு நம்பர் மட்டும் அவனுக்கு மறக்காது. எங்கே போனாலும் யாரிடமாவது போனைக் கேட்டு வீட்டுக்கு அடித்துவிடுவான். நான் பைக்கில் போய்க் கூட்டிவருவேன்.

இந்தச் சித்திரையில் போன் செத்தது. அடுத்த வாரமே தம்பி எழுந்து போய்விட்டான்.

வெயிலில் கரிசல் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிக்கிற மண் உள்ளே கிடக்கும் கேபிளையும் சேர்த்து இழுத்துவிடும். வருஷாவருஷம் நடப்பதுதான். ஆபீஸ் ஆட்கள் வந்து ஒட்டுப்போட்டு, மேலே ஒரு கேரி பேக்கைச் சுற்றிப் புதைத்துவிட்டுப் போவார்கள். அந்த லட்சணத்தைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும்.

போன் செத்த அன்றைக்கே புகார் கொடுத்தேன். மறுநாளே என் செல்லுக்கு மெசேஜ் வந்தது: புகார் சரிசெய்யப்பட்டது. ரிசீவரை எடுத்தால் மூச்சே இல்லை. மறுபடி கொடுத்தேன். மறுபடியும் சரிசெய்யப்பட்டது. பொறுக்கமாட்டாமல் கோவில்பட்டி ஆபீசுக்கே போனேன். கவுண்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்து வாசித்தார்.

"கதவு பூட்டியிருந்ததுன்னு போட்டிருக்கு அண்ணாச்சி."

"எங்கம்மா வீட்டை விட்டு எங்கயும் நகரல. யாரு வந்து பாத்தா?"

"வரணும்னு இல்ல. லைன் சரியாச்சான்னு உங்க நம்பருக்கு அடிச்சுப் பாப்போம். எடுக்கலன்னா பூட்டியிருக்குன்னு போட்டுப் புகாரை முடிச்சிருவோம்."

"செத்த போனை எப்படிய்யா எடுக்க?"

"இங்கன இருந்து அடிச்சா மணி போகுதே" என்றார், முறுக்கைக் கடித்துக்கொண்டே.

அரைக்காசு உத்தியோகமானாலும் அரசாங்க உத்தியோகம் என்பார்கள். அந்த மேசைமேலேயே காறித் துப்பலாம் என்று வந்தது. துப்பவில்லை. "கொஞ்சம் பாத்துச் செய்யுங்க சார்" என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். அந்தக் கும்பிடை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

தம்பி காணாமல் போனதும் அவன் போட்டோவோடு ஊர் ஊராக அலைந்தேன். கயத்தாறில் லாரிகள் நிற்கிற இடத்தில் ஒரு டீக்கடைக்காரர் பார்த்ததும் சொல்லிவிட்டார்.

"மூணு நாளு இங்கனதான் கிடந்தான். என் போன்லதான் அடிச்சான். மணி போகுது, எடுக்க மாட்டுக்காவ. வீட்டைப் பூட்டிட்டு எல்லாரும் போயிட்டாவ போலன்னான். நேத்து வடக்க போற லாரி ஒண்ணுல ஏறிட்டான்."

அங்கேயே நின்று என் செல்லில் வீட்டு நம்பரை அடித்தேன். மணி போனது. வீட்டில் ஆள் இருந்து எடுக்காத மாதிரியே, நன்றாகப் போனது.

போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டு நேரே கோவில்பட்டிக்குப் போனேன். இந்தத் தடவை கும்பிடவில்லை. வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். மறுநாள் காலையில் ஆள் வந்தார். பத்து நிமிஷ வேலை. பத்தே நிமிஷம்! அதே ஒட்டு, அதே கேரி பேக்.

டீக்கடைக்காரர் சொன்னதை அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அவள் போன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மத்தியானம் மணி அடித்தது. சோற்றுக் கையோடு பாய்ந்து எடுத்தாள். நானும் ஓடிப்போய் ரிசீவரில் காதை வைத்தேன். ஆபீஸ்காரர்களின் பதிவுக் குரல். எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தி என்றால் எண் ஒன்றை அழுத்தவும் என்றது.

அம்மா அதைக் கேட்கவே இல்லை. எடுத்த வேகத்தில் பேச ஆரம்பித்திருந்தாள்.

"வீட்டுலதான்யா இருக்கோம். பூட்டலய்யா. நாங்க எங்கயும் போகலய்யா. நீ எங்கன இருக்கேன்னு மட்டும் சொல்லுய்யா."

தங்களிடமிருந்து பதில் வரவில்லை என்று சொல்லிவிட்டு, அது லைனைத் துண்டித்தது.