அம்மாவின் ஆடிட் பதில்கள்

அம்மா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பசை தடவுகிற பிரிவில் இருந்தாள். ஷூ வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி ஆட்கள், வேலை செய்பவர்களை விசாரிக்க ஆடிட்டுக்கு வருவதற்கு முன்பு சூப்பர்வைசர் எல்லாரையும் நிற்க வைத்துக் கேள்வி கேட்டுப் பழக்குவார். கிளவுஸ் தருகிறார்களா? தருகிறார்கள். தலைசுற்றல் உண்டா? இல்லவே இல்லை. இதில் அம்மா கெட்டிக்காரி. இருமிக்கொண்டே இருமல் இல்லை என்று சொல்லிவிடுவாள்.

தம்பிக்கு நான்கு வயதாகியும் பேச்சு வரவில்லை. ஆட்டிசமாக இருக்கலாம், பெற்றவர்களிடம் விவரமாகக் கேட்டால்தான் தெரியும் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் கூப்பிட்டிருந்தார்கள். அப்படி ஒரு பெயர் வந்துவிட்டால் பிள்ளையை எந்த ஸ்கூலிலும் சேர்க்க மாட்டார்கள் என்பது அப்பாவின் பயம். ஆகவே வீட்டிலும் ஒத்திகை நடந்தது. அப்பா டாக்டரானார், அம்மா பதில் சொன்னாள். எட்டு வயதில் எனக்கு அது தம்பியின் பரீட்சையாகவே தெரிந்தது. அவன் பாஸாக வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அம்மா வெளுத்து வாங்கினாள்.

"பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்புவானா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஒடனே திரும்புவான் மேடம்."

"மத்த பசங்களோட சேருவானா?"

"நல்லா சேருவான் மேடம்."

பக்கத்தில் தம்பி ஒரு காலி நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் அதுதான். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"நீங்க சொல்றத வெச்சுதாம்மா இவனுக்கு என்ன பயிற்சி குடுக்கணும்னு முடிவு பண்ணுவோம். நேத்து வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போனீங்களே, அப்ப இவன் என்ன செஞ்சான்? அத மட்டும் சொல்லுங்க."

அது ஒத்திகையில் இல்லாத கேள்வி. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவரைப் பார்த்தார்.

"மூஞ்சியப் பாக்க மாட்டான் மேடம்," என்றாள் கடைசியில். "கையப் புடிச்சி மோந்து பாப்பான். பச வாசன அடிச்சாதான் நான் வந்துட்டேன்னு அவனுக்குத் தெரியும். லீவு நாள்ல நான் அவனுக்கு யாரோ."

அதற்குப் பிறகு அவள் நிறுத்தவேயில்லை. ஒளித்து வைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கொட்டினாள். டாக்டரம்மா எழுதிக்கொண்டே இருந்தார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. பழகிய பதில்களை விட்டுவிட்டு இவளே தம்பியைப் பெயிலாக்கிவிட்டாளே! திரும்பும்போது பஸ்ஸில் பள்ளிகொண்டா வரைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன். பிறகு பார்த்தால், எந்தப் பயணத்திலும் தம்பியை இறுக்கிப் பிடித்தபடி கொட்டக் கொட்ட விழித்திருப்பவள், அவனை அப்பாவின் மடியில் விட்டுவிட்டு வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளையைப் பெயிலாக்கிவிட்டு ஒருத்திக்கு எப்படித் தூக்கம் வருகிறது என்று எனக்குப் புரியவே இல்லை.