தலைப்பாகையோடு தோற்ற ராஜா

பேருந்து நகர நடுவிலுள்ள கியாக்டடா பேட்டை நெரிசலில் நின்றிருந்தபோது சவரி அண்ணனின் மகள் போனில் அழைத்தாள். "அப்பா போயிட்டாரு சித்தப்பா" என்றாள். பதினெட்டு வருடம் மேடையில் அவரை வீழ்த்தியவன் நான். அன்று இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

வங்கிக் காவலரான அவரை இங்குள்ள பர்மியர்கள் மரியாதையாக ஊ சேவியர் என்பார்கள், நமக்கு அவர் மூர் ராஜா. மாதா கோயில் திருவிழாவில் நான் நடிக்கும் கிறிஸ்தவ ராஜாவும் முஸ்லிமான மூர் ராஜாவும் மோதும் நாடகத்தில், தோற்கிற வேஷத்துக்கு யாரும் முன்வரமாட்டார்கள். அவர் மட்டும் கேட்டு வாங்கிக்கொள்வார். "ஜெயிக்கிறவனுக்கு வசனம் போதும். விழறவனுக்குத்தான் நடிப்பு வேணும்" என்பார்.

அவருக்குப் பச்சைத் தலைப்பாகை கட்டிவிடுவது தாமுவேயில் அவர் பக்கத்து வீட்டுத் தையல்காரர் காதர் பாய். கட்டிவிட்டு முன்வரிசையில் வந்து உட்காருவார். கடைசிக் காட்சியில் நான் வாள்நுனியால் அந்தத் தலைப்பாகையைத் தட்டிவிட வேண்டும். அது வழக்கம். ஒரு வருடம் கைதட்டல் தலைக்கேறி, கீழே விழுந்ததைக் காலால் எத்திவிட்டேன். கூட்டம் சிரித்தது. தோற்றுக் கிடந்த ராஜா எழுந்தார். தலைப்பாகையை எடுத்துத் தூசி தட்டித் தலையில் வைத்துக்கொண்டு, மறுபடி அதே இடத்தில் போய் விழுந்தார்.

"நாடகத்தையே கெடுத்துட்டீங்களே அண்ணே" என்று மேடைக்குப் பின்னால் கத்தினேன்.

"தோத்தவன் தலையில துணி இருந்தா ஒனக்கு என்னப்பா கொறஞ்சு போச்சு? கட்டிவிட்ட மனுசன் முன்னால உக்காந்திருக்காரு."

சுருக்கென்றது. ஆனாலும் வீம்பு, மூன்று மாதம் அவரோடு பேசவில்லை. மறு வருடம், தலைப்பாகையைத் தட்டிவிடுவதில்லை என்றால்தான் வேஷம் கட்டுவேன் என்று விழாக் குழுவிடம் சொல்லிவிட்டார். வேறு ஆள் கிடைக்காமல் ஒத்துக்கொண்டார்கள். அதுமுதல் நம் மூர் ராஜா தலைப்பாகையோடுதான் தோற்கிறார். "பாய்கிட்ட ஒரு வார்த்தை பேசிடு" என்று அண்ணன் வருடா வருடம் சொல்வார். அடுத்த திருவிழாவுக்குப் பார்க்கலாம் என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

அடக்கம் முடிந்து வெளியே வந்தபோது கல்லறைத் தோட்ட வாசலில் காதர் பாய் நின்றிருந்தார்.

"அன்னைக்கு நான் எத்துனது தப்பு பாய்" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த வருசம் யாருக்குக் கட்டணும்?" என்று கேட்டார்.

"எனக்குத்தான் பாய்."

சவரி அண்ணன் விட்டுப்போனதில் எனக்கென்று எடுத்துக்கொண்டது அந்த வேஷம். இந்தத் திருவிழாவில் நான் விழுகிறேன். எல்லோரும் வாருங்கள். முன்வரிசையில் பாய்க்கு இடம் விட்டு உட்காருங்கள்.