வளைவில் திக்கிய லாரியும் நான் விற்ற கிராபிக்ஸ் கார்டும்

கம்ப்யூட்டர் கடையில் கவுண்டரில் நிற்பது, அடுத்தவர் பட்ஜெட்டில் நம் அறிவைக் காட்டும் தொழில். புதுக்கோட்டையில் பதினோரு வருடமாக அதைத்தான் செய்கிறேன். கேம் விளையாட எந்த கிராபிக்ஸ் கார்டு போடலாம் என்று கேட்டு வருகிறவரிடம், "தெரியலைங்க, பாத்துச் சொல்றேன்" என்று சொல்ல எனக்கு வாய் வந்ததே இல்லை. உங்களில் யாராவது இப்படி ஒரு கவுண்டருக்குப் பின்னால் நின்றிருந்தால், அந்த வியாதி உங்களுக்கும் இருக்கும். என்னுடைய வியாதியால் அதிகம் அலைந்த ஒரு வாடிக்கையாளரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சொல்லவே கூச்சமாகத்தான் இருக்கிறது.

பட்ஜெட் பன்னிரண்டாயிரம்

செல்லத்துரை அண்ணன் ஜெகதாப்பட்டினத்துக்காரர். இருபது வருடம் மீன் லாரியை கேரளாவுக்கு ஓட்டியவர். சர்க்கரையில் இடது கண் பார்வை போனது, அதோடு ஹெவி லைசென்ஸும் போனது. ஆறு மாதம் யாரோடும் பேசாமல் இருந்தவருக்கு, மகள் தன் பழைய கம்ப்யூட்டரையும் கேம் விளையாடுகிற ஸ்டீயரிங் ஒன்றையும் கொடுத்து, லாரி ஓட்டும் கேமைப் போட்டுவிட்டிருக்கிறார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் இரண்டு மணி நேரம், சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து ஓட்டுவாராம்.

ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டு கிடையாது. நேர் ரோட்டில் ஒழுங்காகப் போகும் வண்டி, வளைவு வந்தால் திக்கித் திக்கி நின்றது. அதற்கு ஒரு கார்டு போட வேண்டும், கையில் பன்னிரண்டாயிரம் இருக்கிறது என்றார். நான் உடனே நிழல், வெளிச்சம், தண்ணீரில் தெரியும் வானம் என்று கால்மணி நேரம் பிரசங்கம் செய்தேன். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னார்:

"தம்பி, எனக்கு அழகெல்லாம் வேணாங்க. வளைவுல வண்டி எங்கூட திரும்பணும், அம்புட்டுத்தான்."

மீன் பெட்டியில் வந்த கம்ப்யூட்டர்

கடையில் மூன்று விசிறி வைத்த கார்டு ஒன்று எட்டு மாதமாக விற்காமல் கிடந்தது. முதலாளி அதைப் பார்க்கும்போதெல்லாம் என்னையும் ஒரு பார்வை பார்ப்பார். அதைத்தான் எடுத்து, "உங்களுக்காகவே வந்ததுண்ணே" என்று செல்லத்துரை அண்ணன் கையில் கொடுத்தேன். அவருடைய கம்ப்யூட்டர் பெட்டி என்ன அளவு என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்றாம் நாள் அவர் மறுபடி வந்தார். அறந்தாங்கியில் பஸ் மாறி, மீன் அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டியில் பழைய போர்வையைச் சுற்றி, கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். கார்டு உள்ளே போகவில்லை. மூன்று விரல் அகலத்துக்கு நீளம் அதிகம். எங்கள் கடையில் சர்வீஸ் பார்க்கும் தேவி, பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, கையடக்கமான வேறொரு கார்டை மாட்டினாள். மானிட்டர் வயரை எந்த ஓட்டையில் செருக வேண்டும் என்று அண்ணனுக்கு இரண்டு தடவை தொட்டுக் காட்டினாள். அவர் ஒரு கோபமும் இல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் போன பிறகு தேவி என்னிடம் திரும்பினாள்.

"பிளவுஸ் தைக்கவே அளவு பிளவுஸ் கேக்குறாங்கண்ணே. நீங்க பன்னண்டாயிர ரூவா சாமானுக்கு ஒண்ணுமே கேக்கல."

மேட்டில் அணையும் வண்டி

கார்டு மாட்டும்போதே தேவி இன்னொன்றும் சொல்லியிருந்தாள். உள்ளே இருக்கும் பவர் சப்ளை சாதா ரகம், கார்டு இழுக்கும் கரண்டுக்குத் தாங்காது, அதையும் மாற்றிவிடலாம் என்று. பட்ஜெட் தாண்டினால் ஏற்கெனவே ஒரு தடவை அலைந்தவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று, "அதெல்லாம் தாங்கும்" என்று நான்தான் வாயை விட்டேன்.

ஒரு வாரத்தில் போன் வந்தது. "வளைவுல இப்ப ஜம்முன்னு திரும்புது தம்பி. ஆனா லோடோட மேடு ஏறுனா மொத்தமா ஆஃப் ஆயிருது." எனக்குக் காரணம் அந்த நொடியே தெரிந்துவிட்டது. தெரிந்தும், பக்கத்தில் நின்ற முதலாளி காதில் விழக்கூடாதே என்ற பயத்தில், "உங்க ஊர்ல ஐஸ் பிளான்ட் நெறைய இருக்குல்லண்ணே, வோல்டேஜ் கம்மியா வரும். ஒரு ஸ்டெபிலைசர் போட்டாச் சரியாயிரும்" என்று அளந்துவிட்டேன். என் வாயிலிருந்து அது எவ்வளவு லேசாக வந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. நாலு நாள் கழித்து அவரே மறுபடி கூப்பிட்டார்.

"நீங்க சொன்னாப்புல ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டிட்டேன் தம்பி. இன்னமும் அணையுது. நான்தான் எதோ தப்பா மாட்டிட்டேன் போல."

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்ட பிறகு என்னால் கவுண்டரில் சும்மா நிற்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை, என் காசில் ஒரு நல்ல பவர் சப்ளையை வாங்கிக்கொண்டு ஜெகதாப்பட்டினத்துக்கு பஸ் ஏறினேன். வீட்டில் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் புது ஸ்டெபிலைசர், சந்தனமும் குங்குமமும் வைத்து உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு வேலை செய்ய முடியவில்லை, முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். எல்லா வயரையும் உருவி, பவர் சப்ளையை மாற்றி, மேஜை சுவரோடு ஒட்டிக் கிடந்ததால் கையைப் பின்னால் விட்டுத் தடவித் தடவியே வயர்களைச் செருகினேன்.

அண்ணன் உட்கார்ந்து வண்டியை எடுத்தார். மேடு ஏறியது, அணையவில்லை. "அணையலங்க தம்பி, அதுவே பெரிசு" என்றார். முகம் அவ்வளவாகத் தெளியவில்லைதான். நான் அதைக் கவனித்தேன், ஆனாலும் கேட்கவில்லை. நல்ல பெயரோடு கிளம்புவதிலேயே குறியாக இருந்தேன். அவர் மனைவி மல்லிகா அக்கா நண்டுக் குழம்பு ஊற்றிச் சோறு போட்டார். சாப்பிடும்போது, சும்மா இருக்க மாட்டாமல், "ஐஸ் பிளான்ட்டால உங்களுக்குக் கரண்டு தொந்தரவுதான்க்கா" என்று வேறு சொல்லிவைத்தேன். அக்கா இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினார்.

"அதுகளுக்குத் தனி டிரான்ஸ்பார்மருங்க தம்பி. எங்க தெருவுக்கு வார கரண்டு வேற. கூச்சப்படாமச் சாப்பிடுங்க."

பெரிய மானிட்டர்

நாலு மாதம் கழித்து செல்லத்துரை அண்ணன் கடைக்கு வந்தார். "பெருசா ஒரு மானிட்டர் காட்டுங்க தம்பி. இருக்குற ஒரு கண்ணும் மங்கிக்கிட்டு வருது. வளைவுல ரோடு துண்டு துண்டா ஒடைஞ்சு தெரியுது. பெருசா இருந்தா கொஞ்ச நாளைக்கு ஓட்டலாம்ல" என்றார். கண்ணைப் பற்றி மல்லிகா அக்காவிடம்கூட அவர் சொல்லவில்லை. டாக்டரிடம் போகவும் பயந்து, வளைவே இல்லாத ரூட்டாகப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். நான் என்ன செய்தேன் தெரியுமா? வருத்தமான முகத்தோடு, இருபத்தேழு இஞ்ச் மானிட்டரைத் துடைத்து அவர் முன்னால் வைத்தேன்.

தேவிதான் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். "டிவி பாக்கயில ஒடையுதாங்க?" என்று கேட்டாள். இல்லை என்றார். "பேப்பர் படிக்கயில?" அதுவும் இல்லை, லாரி ஓட்டும்போது மட்டும்தான் என்றார். உடனே மல்லிகா அக்காவுக்குப் போன் போட்டு, கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். படம் வந்தது. மானிட்டர் வயர் கார்டில் இல்லை. அதற்கு மேலே, கம்ப்யூட்டரோடு வந்த பழைய ஓட்டையில் செருகியிருந்தது. அதாவது, நான் தடவிச் செருகிய அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் வாங்கிய கார்டு ஒரு நாள்கூட வேலை செய்யவில்லை. மேட்டில் அணையாததற்கு நான் மாற்றிய பவர் சப்ளைதான் காரணம் என்றுகூடச் சொல்ல முடியாது. வேலை செய்யாத கார்டு எங்கே கரண்டை இழுக்கப் போகிறது?

"இந்தப் பாப்பா காட்டுன ஓட்டை இது இல்லையேன்னு அன்னிக்கே பாத்தேன்" என்றார் அண்ணன். "ஆனா லீவு நாள்ல இம்புட்டுத் தூரம் வந்து நீங்க மாட்டுறீங்க. ஒரு காரணம் இல்லாமயா மாட்டுவீங்கன்னு விட்டுட்டேன்." நான் மானிட்டரைத் துடைத்த துணியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தேவி போனில் சொல்லச் சொல்ல, மல்லிகா அக்கா வயரை உருவிக் கீழே செருகினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு தேவி போனை அண்ணனிடம் கொடுக்க, அக்காவே ஸ்டீயரிங்கைப் பிடித்து ஒரு வளைவில் வண்டியைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். "ஏங்க, ரோடு ஒடையலங்க. வழுக்கிக்கிட்டுப் போவுது" என்று போனில் கத்தியது கடை முழுக்கக் கேட்டது. அண்ணன் போனைக் காதிலிருந்து எடுத்தார். கவுண்டரைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்த்து, நான்தான் டாக்டர் என்பது போலக் கேட்டார்:

"அப்ப என் கண்ணுக்கு ஒண்ணும் இல்லையா தம்பி?"

இப்போதெல்லாம் கிராபிக்ஸ் கார்டுக்கு எவ்வளவு பட்ஜெட் வைக்கலாம் என்று யாராவது கேட்டால், எவ்வளவு வேண்டுமானாலும் வையுங்கள், ஆனால் வயரைச் செருகுவதற்கு முன் என்னை அந்த அறையிலிருந்து வெளியே அனுப்பிவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.